மதாம் மேர் நாற்காலி போட்ட சந்து

"சார், அம்மா போயிட்டாங்க" என்று ஓட்டுநர் ஏழுமலை தொலைபேசியில் சொன்னபோது, "எந்தப் பக்கம் போனாங்க?" என்று கேட்டேன். வண்டி வருவதற்குள் நடந்தே தெருக்களைப் பார்க்கக் கிளம்பிவிடுவது எங்கள் நகராட்சித் தலைவர் தையல்நாயகி அம்மாவின் வழக்கம். பதிலுக்கு ஏழுமலை மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது. பாதி முகத்தில் சோப்பு நுரையோடு நின்றிருந்த நான் மீதியையும் மழித்தேன். இட்லி சாப்பிட்டேன். அரியாங்குப்பத்தில் பேருந்து ஏறி அலுவலகம் போய், வழக்கம்போல் அவர் அறையைத் திறந்து மின்விசிறியைப் போட்ட பிறகுதான், நேராக அவர் வீட்டுக்கல்லவா போயிருக்க வேண்டும் என்று உறைத்தது.

காரியமும் முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. அவரோடு பழகிய உங்களில் சிலருக்கும் இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

மில்லில் நூல் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். நம் ஊரில் பல்லாண்டுகளாக நடக்காமலிருந்த நகராட்சித் தேர்தல் நடந்தபோது நின்று ஜெயித்தார். என்னை அவருக்கு உதவியாளராகப் போட்டார்கள். முதல் நாள், பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "போன்ழூர், மதாம் மேர்" என்றார். அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"யாரப்பா கூப்புடறாரு?"

"உங்களத்தாம்மா. பிரெஞ்சுல நகராட்சித் தலைவர மேர்னு சொல்லுவாங்க."

"மில்லுல 'ஏ தையலு'தான். இது நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். பிறகு ஊரே அப்படி அழைத்தது. மார்க்கெட்டுக்குப் போனபோது அது 'மேரம்மா' ஆனது.

அந்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்த வீடுகளில் சாக்கடைத் தண்ணீர் ஏறி, வடியாமல் நின்றது. வாய்க்காலைத் திறந்து அள்ள வேண்டும். ஆனால் வாய்க்காலை மூடிய கல் பலகைகளின் மேல்தான் காய்கறிக்காரப் பெண்கள் கடை போட்டிருந்தார்கள். முந்தின நாள் நோட்டீஸ் ஒட்டிவிட்டு மறுநாள் கடைகளை அகற்ற ஆள் அனுப்பலாம் என்று அதிகாரிகள் சொன்னார்கள்.

"ஓட்டுக் கேக்க நடந்து போனேன். இதுக்கும் நடந்துதான் போவணும்" என்று அம்மா எழுந்துவிட்டார்.

வரிசையில் முதல் ஆள் பவுனு. மில்லில் அம்மாவோடு ஒரே ஷிப்டில் நின்றவர். தேர்தலில் அவருக்காகத் தெருத்தெருவாக அலைந்தவர்.

"உனக்காக வூடு வூடா ஏறி எறங்குனேன். என் பொழப்புலயே கைய வெக்கிறியா தையலு? நல்லா இருப்பியா நீ?"

கூட்டம் கூடிவிட்டது. பவுனு கை நீட்டி நீட்டித் திட்டினார். அம்மா நகரவில்லை, குறுக்கே பேசவுமில்லை. பவுனுவுக்கு மூச்சு வாங்கியபோது மெல்லச் சொன்னார்: "புள்ளைங்க சாக்கடத் தண்ணியில படுத்துக் கெடக்குது பவுனு. வேற வழி இருந்தா சொல்லு, செய்யறேன்."

பவுனு கீரைக் கட்டுகளைக் கூடையில் அடுக்கத் தொடங்கினார்.

வாய்க்கால் திறக்கப்பட்டது, வீடுகளில் தண்ணீர் வடிந்தது. கடைக்காரப் பெண்களுக்கு உட்பக்கம் ஒரு சந்தில் இடம் கொடுத்தோம். அங்கே வாங்க ஆள் வரவில்லை. காய்கள் வாடிக் கிடந்ததை ஒருநாள் பார்த்துவிட்டு வந்த அம்மா, "நாளைலேர்ந்து என் நாற்காலிய அங்க போடு" என்றார்.

காலை வேளையில் மனு வாங்குவது அந்தச் சந்தில்தான் என்றானது. தண்ணீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் மனு கொடுக்க வந்தவர்கள், திரும்பும்போது கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிப் போனார்கள். ஒரு பக்கம் தராசு, ஒரு பக்கம் கையெழுத்து. நகராட்சித் தலைவருக்கு இது அழகா என்று கேட்டவர்களும் உண்டு. மறு மழைக்காலத்துக்குள் அந்தச் சந்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதே சிரமமாகிவிட்டது.

பவுனு மட்டும் அவரோடு பேசவே இல்லை. அம்மா தினமும் அவரிடம்தான் கீரை வாங்குவார். பவுனு கீரைக்கட்டை என் கையில் கொடுப்பார். அம்மாவும் வற்புறுத்தியதில்லை. "அவ கோவம் அவளுது" என்பார்.

சாவு வீட்டுக்கு பவுனு வந்தார். அழுதுகொண்டிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். கால்மாட்டில் நின்று, "ஏ தையலு, நாந்தான் பேசல. நீ ஒருதரம் அதட்டிக் கூப்புட்டிருக்கக் கூடாதாடி? வராமப் போயிருப்பனா?" என்றார். சேலைத் தலைப்பால் அம்மாவின் பாதங்களைத் துடைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்தார். மாலையில் எடுக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

துக்க விடுமுறை முடிந்து அலுவலகம் திறந்த அன்று, யாரும் சொல்லாமலே மேசையை அந்தச் சந்துக்கு எடுத்துப் போனேன். மனுக்களோடு ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் எடுத்த எடுப்பில் கத்தினார். அவர் தெருவில் விளக்கு எரியவில்லை. "மேரம்மா செத்துட்டா நாங்க இருட்டுல கெடக்கணுமா? கேக்க ஆளில்லன்னு நெனச்சீங்களா?"

எழுந்து போய்விடலாம் என்றுதான் இருந்தது. அம்மா ஒருமுறை வண்டியில் வரும்போது என்னிடம் சொன்னது நினைவுக்கு வந்தது: "ஜனங்க திட்டி முடிச்ச அப்புறம்தான் தம்பி, சொல்ல வந்ததச் சொல்லுவாங்க. நடுவுல கெளம்பிட்டா திட்டு மட்டும்தான் நமக்கு மிச்சம்."

உட்கார்ந்திருந்தேன். அவர் கத்தி ஓய்ந்தார். பிறகு, அந்த இருட்டில்தான் தன் மகள் டியூஷன் முடிந்து வருகிறாள் என்றார். தெருவின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

அம்மாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான்: திட்டு முடியும்வரை கிளம்பாமல் இருப்பது.