வரிவிலக்கு ரசீதும் என் புரொடக்‌ஷன் மேனேஜரும்

ஓமன் நாட்டுச் சோஹாரில் நான் சம்பாதித்த பணத்துக்கு ஒரு பைசா வருமான வரி கட்டியதில்லை. அந்த நாட்டில் யாரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. வரி என்னைப் பிடித்தது ஊரில்தான். தூத்துக்குடியில் மேலும் கீழுமாகக் கடைகள் வைத்து ஒரு காம்ப்ளக்ஸ் கட்டினேன். எல்லாக் கடையும் வாடகைக்குப் போயிற்று. மறு வருஷமே ஆடிட்டர் போன் பண்ணி, "அண்ணாச்சி, வாடகைக்கு வரி கட்டணும்" என்றார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஐந்தாம் வகுப்புக்காரனைத் தேடி வருமான வரி வருகிறது என்றால் அவன் எப்படி உழைத்திருப்பான் என்று வாசிக்கிறவர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

சோஹாரில் எனக்கு இரும்பு ஃபேப்ரிகேஷன் ஒர்க்‌ஷாப். லைசென்ஸ் கபீல் என்கிற உள்ளூர் அரபி ஸ்பான்சர் பெயரில், மற்றதெல்லாம் நான். துறைமுகம் வந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கேட், தண்ணீர்த் தொட்டி, ஏணி, கைப்பிடி என்று ஆர்டர் குவிந்தது. இஞ்சினியர்கள் வரைபடத்தை விரித்து என்னிடம் விளக்குவார்கள். நான் வரைபடத்தைப் பார்க்க மாட்டேன், இஞ்சினியரின் முகத்தைப் பார்ப்பேன். அவருக்கே சந்தேகம் இருக்கிற இடம் முகத்தில் தெரிந்துவிடும். அந்த இடத்தில் மட்டும் கனமான இரும்பாகப் போடுவேன். இதுவரை நான் செய்த ஏணி எதுவும் விழுந்ததில்லை.

என்னிடம் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் எங்கள் கடற்கரைப் பிள்ளைகள். வருஷா வருஷம் சம்பளம் கூட்டச் சொல்லிக் கேட்பார்கள். ஒரு வருஷம் சம்பளத்துக்குப் பதிலாக எல்லாருக்கும் விசிட்டிங் கார்டு அடித்துக் கொடுத்தேன். நல்ல கனமான அட்டை, தங்க நிற எழுத்து. டிரைவர் லாஜிஸ்டிக்ஸ் ஆபீசர் ஆனான். சமையல்காரர் கேம்ப் அட்மினிஸ்ட்ரேட்டர் ஆனார். என் முதல் வெல்டரை புரொடக்‌ஷன் மேனேஜர் ஆக்கினேன். ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை. லீவில் போகிறவன் கொண்டு போகிற சென்ட் பாட்டில் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். கார்டு தீராது. வெல்டர் அடுத்த லீவில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினான். அழைப்பிதழில் தன் பெயருக்குக் கீழே 'புரொடக்‌ஷன் மேனேஜர், ஓமன்' என்று அச்சடித்தான். எனக்கும் ஒன்று கொடுத்தான். நன்றாகத்தான் இருந்தது.

இனி வரி விஷயம். ஆடிட்டர் ஒரு வழி சொன்னார். ஊருக்குப் பக்கத்து டவுனில் ஒரு தனியார் மேல்நிலைப் பள்ளி. ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைக்க ஒரு கல்வி நிதி வைத்திருக்கிறார்கள். அதற்கு நன்கொடை கொடுத்தால், கொடுத்ததில் பாதியை வருமானக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளலாம், எண்பது ஜி ரசீது தருவார்கள் என்றார். ரியாலில் கொடுக்காதீர்கள், ஊர் பேங்க் செக்காகவே கொடுங்கள் என்றும் சொன்னார். எனக்கு உடனே வெல்டர் மகள் ஞாபகம் வந்தது. அவள் அந்த வருஷம் பத்தாவது எழுதியிருந்தாள். ஊர்ப் பள்ளிக்கூடம் பத்தாவதோடு சரி. அவளுக்கு நர்ஸ் படிக்க வேண்டும், அதற்கு சயின்ஸ் குரூப் வேண்டும், அது இந்த டவுன் பள்ளியில்தான் இருந்தது. வெல்டர் புது வீட்டுக் கடனை அடைத்துக்கொண்டிருந்தான். அந்த ஃபீஸ் அவனால் முடியாது. வரியும் குறையும், பிள்ளையும் படிக்கும் என்று செக் எழுதினேன். இந்த யோசனை வேறு யாருக்கு வரும்?

பள்ளித் தாளாளர் ஒரு கத்தோலிக்கச் சாமியார். வளைகுடாவில் அலைந்து நிதி திரட்ட வந்தவர் சோஹாருக்கும் வந்தார். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் எங்கள் கேம்ப்பில் சாப்பாடு. சீலா மீன் பொரித்து, நண்டு ரசம் வைத்திருந்தோம். எல்லாரும் கை தட்ட, செக்கை ஒரு பக்கம் நானும் மறு பக்கம் சாமியாரும் பிடித்து போட்டோ எடுத்தோம். பிறகுதான் உட்கார்ந்தோம்.

"சாமி, இது நம்ம வெல்டர் மகளுக்கு" என்றேன்.

சாமியார் மீன் முள்ளை ஓரமாக வைத்தார். "அப்படிப் பேர் சொல்லிக் குடுத்தா ரசீது தர முடியாதே. பேர் சொல்லாம நிதிக்குக் குடுத்தா நன்கொடை. பேர் சொன்னா, அது அந்தப் பிள்ளைக்கு நீங்க கட்டுற ஃபீஸ்."

"பணம் ஒண்ணுதானே சாமி?"

"பணம் ஒண்ணுதான், சட்டம் வேற. பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது எங்க கமிட்டி."

"எம் பணம் யாருக்குப் போகணும்னு நான் சொல்லக்கூடாதா?"

"சொல்லாம இருக்கிறதுக்குத்தானே கவர்மெண்ட் உங்களுக்கு வரியைக் குறைக்குது."

மீன் தட்டோடு நின்ற வெல்டர் என்னைப் பார்த்தான். டிரைவர், "சாமி, ரசீதை அண்ணாச்சிக்குக் குடுத்திட்டு, சீட்டை இவனுக்குக் குடுத்திருங்க. செக்கை நீங்க வச்சுக்கிடுங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். சாமியாரும் சிரித்தார், ஆனால் தலையை ஆட்டவில்லை. கை தட்டி போட்டோ எடுத்த செக்கைத் திருப்பி வாங்குகிற ஆள் நான் இல்லை. "பிள்ளை நல்லாப் படிக்கும், எல்லாரையும் போல எழுதிப் போடட்டும். கமிட்டி கண்ணு தெரிஞ்ச கமிட்டியா இருந்தா எடுக்கும்" என்று முடித்துவிட்டேன்.

ரசீது ஒழுங்காக வந்தது. ஆடிட்டருக்குச் சந்தோஷம். பத்தாவது ரிசல்ட் வந்து கொஞ்ச நாளில் வெல்டர் என் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான்.

"அண்ணாச்சி, பிள்ளைக்கு இல்லைன்னுட்டாங்க."

"மார்க் கொறஞ்சு போச்சா?"

"விண்ணப்பம் போட்டதுல அவதான் முதல் மார்க்காம்."

"பெறகு என்னவே?"

"நான் மேனேஜராம்."

கமிட்டியில் எங்கள் ஊர்க்காரர் ஒருத்தர் இருந்திருக்கிறார். பால் காய்ச்சுக்கு வந்து, அழைப்பிதழையும் கார்டையும் பத்திரமாக வைத்திருந்தவர். இரண்டையும் மேசையில் எடுத்துப் போட்டு, ஓமன் மேனேஜர் மகளுக்கு ஏழைப் பிள்ளைகள் நிதியா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. என் கார்டைப் பார்த்தால் யாரும் நம்பத்தான் செய்வார்கள்.

"வெல்டர்தான்னு உம் பொண்டாட்டி எடுத்துச் சொல்ல வேண்டியதுதானே?"

அவன் தரையைப் பார்த்தான். "அவளுக்கே அது தெரியாது, அண்ணாச்சி."

சாமியாருக்கு போன் போட்டேன். கம்பெனியிலிருந்து சம்பளச் சான்றிதழ் உடனே வந்தால் மறுபடி கமிட்டியில் வைக்கிறேன், இல்லையென்றால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடும் என்றார். என் கணக்குப்பிள்ளை யாழ்ப்பாணத்துக்காரர். பேச்சு மெதுவாக வரும், டைப் வேகமாக வரும். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். வெல்டரும் பக்கத்தில் நின்றான்.

"வெல்டர்னே எழுதணுமா அண்ணாச்சி?" என்றான். "இதைப் பிள்ளைதான் கொண்டு குடுக்கும்."

"மேனேஜர்னு எழுதினா அவங்க திரும்பவும் இல்லைம்பாங்க."

அவன் கழற்றி வைத்திருந்த கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டான். பிறகு, "எழுதுங்க" என்றான். "பெரிசாவே எழுதுங்க. யாருக்கும் பெறகு சந்தேகம் வரக்கூடாது." சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.

கணக்குப்பிள்ளை டைப் அடித்து நீட்டினார். என் லெட்டர்ஹெட் அந்த ஊரிலேயே நல்ல லெட்டர்ஹெட். மேலே ராஜாளிப் பறவை, கீழே அரபியிலும் இங்கிலீஷிலும் கம்பெனி பெயர். நடுவில் அவன் சம்பளம். சம்பள நாளில் கவரில் போட்டுக் கொடுக்கும்போது அது சிறியதாகத் தெரிந்ததே இல்லை.

"இதுதானா இவன் சம்பளம்?"

"ஓம் அண்ணை. நீங்கள் குடுக்கிறதுதான்."

"பாக்க ஒரு மாதிரியா இருக்கே."

"இதைப் பாத்தா ஊரில ஆக்கள் கதைப்பினம், அண்ணை."

"அவனைப் பத்தியா?"

"இல்லை, உங்களைப் பத்தி."

பொய் எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஆகவே முதலில் அவன் சம்பளத்தைக் கூட்டினேன், கூட்டிய பிறகு எழுதச் சொன்னேன். பறவைக்குக் கீழே வைத்துப் பார்க்கும்படி ஒரு தொகை. சீல் குத்தி, கையெழுத்துப் போட்டு, ஊருக்குப் போகிற ஆளிடம் அன்றைக்கே கொடுத்தனுப்பினேன். வெல்டருக்கு விஷயத்தைச் சொன்னபோது அவனுக்கு நன்றி சொல்லக்கூட வாய் வரவில்லை. என்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு இப்படி அடிக்கடி ஆகும்.

சாமியார் அந்த வாரமே கூப்பிட்டார்.

"வெல்டர்னு கமிட்டி ஒத்துக்கிட்டாங்க. ஆனா சம்பளம் எங்க வரம்புக்கு மேல போகுது."

"எவ்வளவு மேல, சாமி?"

"கொஞ்சம்தான்."

"பழைய சம்பளமா இருந்தா?"

"கெடைச்சிருக்கும். அது என்ன பழைய சம்பளம்?"

"நிதியை விடுங்க சாமி. அந்தப் பிள்ளைக்கு ரெண்டு வருஷத்து ஃபீஸையும் நானே கட்டுறேன். பேர் சொல்லித்தான் கட்டுவேன்" என்றேன். அப்படிக் கட்டுவதற்கு எந்தத் தடையும் இல்லை, நாளைக்கே வந்து சேரட்டும் என்றார் சாமியார். ஆடிட்டர்தான் துடித்துப்போனார். "அண்ணாச்சி, இதுக்கு வரியில ஒண்ணும் கழியாது" என்றார். "தெரியும்வே. பழைய ரசீது போக, மீதி வரியை முழுசாக் கட்டும்" என்று போனை வைத்தேன். எங்கள் தெருவில் வரியை முழுசாகக் கட்டியவன் அந்த வருஷம் நான் ஒருத்தன்தான் என்று நினைக்கிறேன்.

அந்த முதல் செக்கில் எந்தப் பிள்ளை படித்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஒரு தடவை சாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன். சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்.

கூட்டிய சம்பளத்தைக் குறைக்க முடியுமா? குறைக்கவில்லை. மற்றவர்கள் விடுவார்களா? அவர்களுக்கும் கூட்ட வேண்டியதாயிற்று. லாஜிஸ்டிக்ஸ் ஆபீசர்தான் முதலில் வந்து நின்றான்.

வெல்டர் மகள் சயின்ஸ் குரூப்பில் சேர்ந்த வாரம், வெள்ளிக்கிழமை மத்தியானம், வெல்டர் என் ரூமுக்கு வந்தான். கையில் போன் இருந்தது. அப்போதுதான் பேசி முடித்திருந்தான்.

"சான்றிதழைப் பிள்ளை வாசிச்சிருக்கு, அண்ணாச்சி."

"வீட்டுல சொல்லிட்டாளா?"

"அம்மாகிட்ட காட்டலையாம். நேரா ஆபீஸ்ல குடுத்திட்டாளாம்."

"உங்கிட்ட என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலை. பத்த வைக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடுறீங்களாப்பான்னு கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"போடுறேன்னு சொன்னேன்." போனைச் சட்டைப் பையில் வைத்தான். "அண்ணாச்சி, நம்ம மாஸ்க்ல கண்ணாடி கீறிப்போய் ரொம்ப நாளாச்சு."

மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கடைக்குப் போய், ஒர்க்‌ஷாப்பில் இருந்த எல்லாருக்கும் புது மாஸ்க் வாங்கி வந்தேன். ஜெர்மன் சாமான். சோஹாரில் அப்போது அந்த மாஸ்க் வேறு எந்த ஒர்க்‌ஷாப்பிலும் கிடையாது. வெல்டர் தன்னுடையதைப் போட்டுக்கொண்டு நின்று ஒரு போட்டோ எடுக்கச் சொன்னான். கணக்குப்பிள்ளை எடுத்தார். அதை யாருக்கு அனுப்புவது என்று கவரில் அவனே எழுதினான். மகள் பெயர், பள்ளிக்கூட விலாசம். வீட்டு விலாசம் போடவில்லை.