கடைசிப் பக்கத்தில் தப்பிய முயல்

டோவா ஊர்ச் சந்தையில் துணி தைக்கும் ஃபைசன் கம்துகுலேயை, பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் போடும் நிறுவனத்துக்காரர்களுக்கு அறிமுகம் செய்தது நான்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

நான் அந்த ஊர் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. துணி கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்களுக்கு ஃபைசன் மெஷினை மிதித்துக்கொண்டே கதை சொல்வார். நடுநடுவே "கூட இருக்கோம்" என்று நாங்கள் குரல் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தையல் நின்றுவிடும். "தூங்கறவளுக்கு நான் ஏன் தைக்கணும்?" என்பார்.

பஞ்சத்தில் மிருகங்கள் கிணறு தோண்டிய கதையை அந்த நிறுவனத்தின் நகரத்து அதிகாரி ஒருவர் கைபேசியில் பதிவு செய்துகொண்டு போனார். முயல் மட்டும் தோண்ட வராது, தண்ணீரை மட்டும் திருடும். ஆமை பிடித்துக் கொடுக்கும். எல்லோரும் கூடி விசாரித்து, அடுத்த கிணற்றை முயலையே தோண்ட வைப்பார்கள்.

மறு வருஷம் அது படப் புத்தகமாக வந்தது. பெற்றோர் கூட்டத்தில் அதிகாரியே வாசித்தார். கடைசிப் பக்கத்தில் முயல் ஆமையை ஏமாற்றித் தப்பிவிட்டது. புத்திசாலிதான் ஜெயிப்பானாம். ஃபைசனின் பெயர் எங்கும் இல்லை.

கழுத்தில் அளவு நாடாவோடு அவர் எழுந்தார்.

"தம்பி, என் பேரை விட்டுட்டீங்க, போகட்டும். திருடனை எதுக்கு விட்டீங்க?"

"கதைதானேய்யா. பிள்ளைங்க சிரிக்கட்டும்னு மாத்தினோம்."

"போன மாசம் நம்ம அடிபம்புக் குழாயைக் கழட்டி வித்தானே, அவனும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருக்கான். பொம்பளைங்க ஆத்துக்கு நடக்குறாங்க. அவன் பிள்ளைக்கும் இதைத்தான் படிச்சுக் காட்டுவீங்களா?"

"எங்க ஆளுங்க எல்லாம் படிச்சவங்க. யோசிச்சுத்தான் செஞ்சாங்க."

"படிச்சிருக்காங்க. கிணறு தோண்டியிருக்காங்களா?"

தலைமையாசிரியர் உட்காரச் சொன்னார். ஃபைசன் உட்காரவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பி, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். பின்வரிசைப் பெண்கள் "கூட இருக்கோம்" என்றார்கள். பிறகு எல்லோரும் சொன்னோம். விருந்துக்கு வைத்திருந்த மக்காச்சோளக் களியும் கோழிக்குழம்பும் ஆறின. முயல் மண்வெட்டியைத் தொடும் முன்பே அதிகாரி காரில் ஏறிவிட்டார்.

புத்தகத்தைத் திருத்தச் சொல்லி நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் இல்லை. நான்காவது எழுதவில்லை. பள்ளிக்கு வந்திருந்த நாற்பது பிரதிகளிலும் கடைசித் தாளைக் கிழித்தெடுத்தேன். இப்போது திங்கட்கிழமைகளில் ஃபைசன் கடையைச் சாத்திவிட்டு வந்து, வகுப்பில் அந்த முடிவை வாயால் சொல்லிப் போகிறார்.

பள்ளிச் சொத்தைச் சேதப்படுத்தியதற்குத் தலைமையாசிரியர் என்னிடம் விளக்கம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: "திருடியவன் ஜெயித்தான் என்று பிள்ளைகளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை."