பத்து லட்சமாவது ஆள்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த லாட்ஜில் முத்துப்பாண்டி இருபது வருஷமாக மேனேஜர். இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு நாள் காலை, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கோகுல்நாத் வந்து பழைய பிரவுசரை மாற்றிப் புதியதைப் போட்டான். அதன் படத்தில் ஒரு நரி உலக உருண்டையைச் சுற்றிப் படுத்திருந்தது.

"அண்ணே, இனிமே விளம்பரம் எதுவும் குறுக்க வந்து குதிக்காது."

உண்மைதான். திரை கண்மாய்த் தண்ணீர் போல அசையாமல் கிடந்தது. ஒரே ஜன்னலுக்குள் மூன்று பக்கங்கள், லாட்ஜ் அறைக் கதவுகள் மாதிரி, அடுத்தடுத்து நின்றன. முத்துப்பாண்டி ஒன்றில் மழைச் செய்தி படித்தார், அடுத்ததில் பனிமலை பார்த்தார், மூன்றாவதில் பெயர் தெரியாத ஒரு கடற்கரையில் வெகுநேரம் நின்றார். வெளியே கண்டக்டர்கள் "தேனி, தேனி" என்று கூவியதுகூடத் தாலாட்டு போலக் கேட்டது. சாவி கேட்டு வந்தவர்மேல் அன்று அவர் எரிந்து விழவில்லை.

மத்தியானம்தான் ஏதோ குறைவது தெரிந்தது. பழைய பிரவுசரில் தினமும் ஒரு சின்னப் பெட்டி மினுக்கிக்கொண்டு குதிக்கும். 'வாழ்த்துகள், இங்கே வந்த பத்து லட்சமாவது ஆள் நீங்கள்தான்' என்று ஆங்கிலத்தில் சொல்லும். ஏமாற்று வேலை என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் அதை நம்பி உள்ளே போனதில்லை. மூடும்போது மட்டும் லேசாகச் சிரித்துக்கொள்வார்.

சாயங்காலம் கோகுல்நாத்துக்குப் போன் போட்டார்.

"தம்பி, எல்லாம் அருமையா இருக்கு. அந்த வாழ்த்துச் சொல்ற பயலை மட்டும் உள்ள விட முடியுமா?"

"அது பூராம் பொய்ண்ணே!"

"தெரியும்ப்பா. இருபது வருசமா இந்தச் சேர்ல உக்காந்திருக்கேன். வேற எவன் வந்து வாழ்த்துச் சொன்னான்?"