வடாமோடு காய்ந்த வீடியோ கேம்

எங்கள் வீட்டில் எல்லா வியாதிக்கும் வெயில்தான் வைத்தியம். மெத்தையில் மூட்டைப்பூச்சியா, மாடிக்குக் கொண்டு போ. அரிசியில் வண்டா, மாடிக்குக் கொண்டு போ. ஊறுகாயில் பூஞ்சை, மழையில் நனைந்த பூகோளப் புத்தகம், ஈரம் கோத்துக்கொண்ட அப்பாவின் டிரான்சிஸ்டர், எல்லாம் மாடிக்குப் போய்ப் பிழைத்து வந்தவை. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்பக்கத் தெருவில் இரண்டாம் மாடியில் குடியிருந்தோம். தலைக்கு மேலே மொட்டை மாடி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த காரியத்துக்கு என்னிடம் வேறு சமாதானம் கிடையாது.

மெட்ராஸ் சென்னையாக மாறிய சமயம் அது. எனக்குப் பத்து வயது. அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடுதான் இருந்தார். எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர் என்பதால் கம்பெனி அவரை ஒரு வருஷம் ஜப்பானுக்குப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. திரும்பி வரும்போது நல்லதாக ஒரு டேப் ரிக்கார்டர் வரும் என்று வீடே காத்திருந்தது. வந்தது என்னவோ ஒரு வீடியோ கேம் பெட்டியும், நம்மூர் கரண்டைக் குறைத்து அதற்குக் கொடுக்கிற செங்கல் கனத்து டிரான்ஸ்ஃபார்மரும், மேலுறையே இல்லாத ஒரு கேசட்டும்தான். கேசட் என்பது நாங்கள் வைத்த பெயர். பார்த்தால் வெறும் பச்சைப் பலகை. அதன்மேல் கறுப்புக் கறுப்பாகச் சில சில்லுகள். இருப்பதிலேயே பெரிய சில்லின் முதுகில் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர், அதில் பேனாவால் ஜப்பானிய எழுத்து. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "கடைக்காரன் உன்னை நன்னா ஏமாத்திட்டான்டா" என்றாள்.

கடைக்காரன் யாரும் இல்லை. மாமாவோடு அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் கொடுத்தது அது. அவர் வீடியோ கேம் கம்பெனியில் படம் வரைபவர். மேடைக்கு மேடை தாவி ஏறுகிற அந்த ஆட்டம் இன்றைக்கு உலகம் பூராவும் தெரிந்த ஆட்டம். பாண்டி பஜார் நடைபாதையில் அதன் திருட்டுக் கேசட்டைக் கத்தரிக்காய் மாதிரி கூறு கட்டி விற்றார்கள். கழுத்தில் துண்டு கட்டிய ஒரு பையன் குதித்துக் குதித்து ஓடுவான். ஆனால் அவன் பிறப்பதற்கு முன்னால், நண்பர் முதன்முதலில் வரைந்து செய்து பார்த்த மாதிரிக் கேசட் எங்கள் வீட்டில் இருந்தது. அதில் குதித்தது பையன் இல்லை, பெண். ரெட்டைப் பின்னல் போட்ட பெண். என்னைப் போலவே! பெண் குதித்தால் யார் வாங்குவார்கள் என்று கம்பெனியின் பெரியவர்கள் பின்னலை வெட்டிப் பையனாக்கிவிட்டார்களாம். எனக்கு வந்த கோபத்தில் பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்த திருட்டுக் கேசட்டை நான் தொடக்கூட மறுத்தேன்.

எங்கள் கேசட்டில் ஏழு கட்டங்கள். எங்கள் டி.வி.யில் கலர் வராது, பாட்டும் கிடையாது, சில இடங்களில் மேகத்துக்குப் பதில் வெறும் சதுரம் நிற்கும். ஏழாவது கட்டத்தில் பாதி வழியில் தரையே முடிந்துபோகும். அங்கே பொத்தானைத் தொடாமல் சும்மா விட்டால், அந்தப் பெண் விளிம்பில் உட்கார்ந்து பின்னலை அவிழ்த்து மறுபடி பின்னிக்கொள்வாள். அதைப் பார்ப்பதற்காகவே ஆறு கட்டமும் தாண்டுவேன். சட்டம் என்னவென்றால், மாமா வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் ஆடலாம். மற்ற நேரங்களில் அது பீரோவுக்கு மேலே முறுக்கு டின்னில் இருக்கும்.

கத்திரி வெயில் ஆரம்பித்த வாரம் மாமா ஆபீஸ் வேலையாக டெல்லிக்குப் போனார். திரும்பி வர மூன்று வாரம் ஆகும். மத்தியானம் அம்மா கண் அசந்த நேரமாகப் பார்த்து நான் ஸ்டூல் போட்டு ஏறி டின்னை இறக்கினேன். ஒரு கையில் ஆட்டம், இன்னொரு கையில் நன்னாரி சர்பத். விளைவைச் சொல்லவும் வேண்டுமா? நாலாவது கட்டத்தில் ஒரு தாவல், சர்பத் மொத்தமும் பலகையின் மேல். டி.வி. 'கிர்ர்' என்றது. சுவிட்சை அணைத்துவிட்டு, பிசுபிசுவென்று இருந்த பலகையைக் குளியலறைக் குழாயில் காட்டிக் கழுவினேன். ஆமாம், கழுவினேன். பாத்திரம் கழுவுகிற மாதிரி தேய்த்துக் கழுவினேன். வெள்ளி ஸ்டிக்கர் கையோடு வந்துவிட்டது. அதற்கு அடியில், சில்லின் முதுகில், ஒரு குட்டிக் கண்ணாடி ஜன்னல். உள்ளே மூக்குத்திக் கல் மாதிரி ஏதோ மினுங்கியது. அழுகைக்கு நடுவிலும் அதை வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது.

மாடியில் அம்மா ஜவ்வரிசி வடாம் போட்டிருந்தாள். பழைய வேஷ்டியின் ஓரத்தில் பலகையையும் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் எடுத்துப் போட்டுப் பார்த்தால், ஐயோ, உயிர் வந்தது எனக்கு, அவள் ஜம்மென்று குதிக்கிறாள்! அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? சந்தோஷம் தாங்காமல் ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டேன். அவள் முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையோடு வைத்தியமும் சொன்னாள்.

"ஒரு நாள் வெயில் எந்த மூலைக்குடி? மேலாக்கக் காஞ்சிருக்கும், உள் ஈரம் அப்படியே இருக்கும். நான் வடாம் போட்டு முடிக்கற வரைக்கும் அதுவும் கிடக்கட்டும். மாமாகிட்ட மூச்சு விடாதே."

ஜவ்வரிசி முடிந்து இலை வடாம், அது முடிந்து கருவடாம் என்று பத்துப் பதினைந்து நாள் ஓடிற்று. தினம் காலையில் பலகையை வேஷ்டியில் வைத்து, காக்காய்க்குப் பயந்து கறுப்புக் குடையோடு காவல் உட்கார்ந்திருப்பேன். குடை எனக்குத்தான்; பலகைக்கு வெயில் குறையக்கூடாதே! நடுப்பகலில் அம்மா வந்து வடாத்தைத் திருப்பிப் போடுவாள். பலகையையும் எடுத்துப் பார்த்து, கண்ணாடி ஜன்னல் வெயிலுக்கு நேராக இருக்கும்படி அவளே சாய்த்து வைப்பாள். அப்படி ஒரு சிரத்தை. வெள்ளி ஸ்டிக்கரை வீணாக்க மனசில்லாமல் என் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் ஒட்டிக்கொண்டேன். மாமா ஊரிலிருந்து வருவதற்கு முதல்நாள் பலகை மொறுமொறுவென்று டின்னுக்குத் திரும்பிவிட்டது.

மாமா வந்தபோது ஜப்பானிலிருந்து ஒரு கடிதம் காத்திருந்தது. நண்பர் வேலை விஷயமாகச் சென்னை வருகிறார். அவருடைய ஆபீஸ் கட்டிடம் மாறியபோது பழைய சாமான்களையெல்லாம் தூக்கிப் போட்டுவிட்டார்களாம். அந்தப் பின்னல்காரிக்கு இப்போது உலகத்தில் இருக்கிற ஒரே வீடு எங்கள் முறுக்கு டின்தான். பத்திரமாக வைத்திருப்பதற்கு மாமாவுக்கு ஆயிரம் நமஸ்காரம் என்று எழுதியிருந்தார். மாமா கடிதத்தை எல்லாருக்கும் மொழிபெயர்த்துச் சொன்னார். டின்னை இறக்கி, மூடியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அவர் கையாலேயே போட்டுப் பார்க்கட்டும்" என்று திறக்காமலேயே மேலே வைத்தார்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தி.நகர் ஓட்டலிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார் நண்பர். ஒல்லியான மனிதர். வாசலிலேயே குனிந்து கும்பிட்டதில் அம்மா பதறிப் பின்வாங்கினாள். காப்பியும், பொரித்த வடாமும் வந்தன. அதே வடாம். ஒன்றைக் கடித்துவிட்டுக் கண்ணை விரித்து மாமாவிடம் ஏதோ சொன்னார், அம்மாவுக்குப் பூரிப்பு. பிறகு பலகையைப் பெட்டியில் சொருகி, பொத்தானை அமுக்கி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

திரை சாம்பல் நிறமாக நின்றது. அவ்வளவுதான். எடுத்து ஊதிப் போட்டார். சாம்பல். மாமா போட்டார். சாம்பல். போன மாதம் குதித்தாளே! என் கண்ணால் பார்த்தேனே! பதினைந்து நாள் ராஜாத்தி மாதிரி பார்த்துக்கொண்டேனே! அம்மாவைப் பார்த்தேன். 'இன்னும் ஈரம் இருக்குமோ' என்றுதான் அவள் யோசித்திருப்பாள்.

நண்பர் பலகையைத் திருப்பி, கண்ணாடி ஜன்னலையே பார்த்தார். மாமாவும் பார்த்தார். நண்பரின் பார்வை டி.வி. பக்கம் போயிற்று; மாமாவிடம் ஏதோ கேட்டார். பிறகு மாமா ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லிவிட்டு எங்களிடம் திரும்பினார். "தப்பு என்னோடதுதான். ஒரு தடவை டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம சொருகிட்டேன். புகைஞ்சு போயிடுத்து."

அடேயப்பா, எனக்கு எப்படிப்பட்ட நிம்மதி! சர்பத்தும் இல்லை, நானும் இல்லை, மாமாவேதான்! அவர்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது, கெடுத்து வைத்தாரே என்று.

இந்த நிம்மதி பதிமூன்று வருஷம் நீடித்தது. பெருங்குடியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து மேசைக்காரர் பழைய சில்லு ஒன்றைக் காட்டினார். முதுகில் அதே குட்டிக் கண்ணாடி ஜன்னல். அழித்து எழுதுகிற சில்லாம் அது. அந்த ஜன்னல் வழியாகக் கடுமையான ஒளி காட்டினால் உள்ளே எழுதியது எல்லாம் அழிந்துவிடும், அதனால்தான் மேலே ஸ்டிக்கர் ஒட்டி மூடுவார்கள் என்றார். வெயில் பட்டால்? "ஒரு நாள் ரெண்டு நாள்னா ஒண்ணும் ஆகாது. நம்ம ஊர் வெயில்ல வாரக்கணக்கா போட்டா சுத்தமா தொடைச்சிரும்" என்று சிரித்தார். மாடிப்படியில் நின்றுகொண்டு மாமாவுக்குப் போன் போட்டேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்டி" என்றார் மாமா. "ஸ்டிக்கர்தான் டி.வி. பக்கத்துல உன் ஜாமெட்ரி பாக்ஸ் மேல ஜோரா மின்னிண்டிருந்ததே."

"அவருக்கு?"

"அதுல இருந்தது அவரோட கையெழுத்துதானே. எனக்கு முன்னாடி அவர்தான் பார்த்தார். பார்த்துட்டு, இந்தக் குழந்தை ஆடியிருக்காளான்னு கேட்டார். ஏழு கட்டமும் ஆடியிருக்கான்னேன். அப்புறம்தானே அவர் காகிதத்தை எடுத்தார்."

காகிதம்! அதை நான் மறந்தே போயிருந்தேன். அன்று நண்பர் பையிலிருந்து கட்டம் போட்ட காகிதக் கட்டையும், சீவிய பென்சில்களையும் எடுத்து என் முன்னால் பரப்பினார். ஆட்டத்தில் பார்த்ததையெல்லாம் வரையச் சொன்னார். எங்கே மேடை, எங்கே பள்ளம், அவள் குதிக்கும்போது பின்னல் எந்தப் பக்கம் போகும், எல்லாம். பரிசு ஏதோ கொடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் வரைந்தேன். ஒவ்வொரு தாளையும் அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கீழே ஆட்டோக்காரர், "இன்னா சார், வருவாரா மாட்டாரா? எம்மா நேரம் நின்னுக்கினு கீறது?" என்று குரல் கொடுத்தார். நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மாமா ஓடிப்போய் ஆட்டோவைச் சமாதானம் செய்துவிட்டு வந்தார்.

மூன்று கட்டம் வரைந்தேன். அப்போது தெருவில் என் சிநேகிதிகள் கட்டம் கீறிப் பாண்டி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். சில்லு விழுகிற சத்தமும், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும் மேலே கேட்டது. ஏழு கட்டமும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். அவள் விளிம்பில் உட்கார்ந்து பின்னல் போடுவாளே, இன்று எனக்கு ஞாபகத்தில் மிச்சமிருப்பது அது ஒன்றுதான், அதைக்கூட நான் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

"அவ்வளவுதான் மாமா. மீதி ஞாபகம் இல்லை" என்று பென்சிலைக் கீழே வைத்தேன்.

மாமா அதை ஜப்பானிய மொழியில் சொன்னார். நண்பர் தலையாட்டினார். ஆனால் நாலாவது தாளை என் பக்கம் தள்ளிவைத்து, பென்சிலை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தார். நான் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி ஓடினேன்.