இரண்டாயிரத்து ஐந்நூறு மெழுகுவத்தி

எழுபதுகளின் தொடக்கத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தேன். என்னைவிட இரண்டு வயது மூத்த அண்ணன் எங்கள் தெருக்கோடியில் இருந்த நெசவாளர் சங்கத்தில் எழுத்தர். மின்வெட்டு அடிக்கடி வந்த காலம். பட்டப்பகலிலும் சங்கத்துத் தறிக்கூடம் இருண்டுவிடும். அதற்கென்று அண்ணன் சங்கத்துப் பணத்தில் மெட்ராஸுக்குப் போய் ஒரு டார்ச் லைட் வாங்கி வந்தான். அட்டைப்பெட்டியில் 'இரண்டாயிரத்து ஐந்நூறு கேண்டில் பவர்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது.

சங்கத் தலைவர் அதை ஒருமுறை போட்டுப் பார்த்தார். சுவரில் ஒரு வட்டம் விழுந்தது. சுற்றிலும் இருட்டு அப்படியே இருந்தது.

"இன்னாபா இது? ரெண்டாயிரத்து ஐந்நூறு மெழுகுவத்தி ஏத்தினா கூடமே ஜெகஜோதியா இருக்கும். இது தோசைக்கல் அளவுக்குத்தான் வெளிச்சம் காட்டுது. பெட்டி ஒண்ணு, சரக்கு ஒண்ணா இருக்குது."

அண்ணன் நல்ல டார்ச்சை எடுத்துக்கொண்டு மட்டமானதைப் பெட்டியில் வைத்துவிட்டான் என்பதுதான் அதற்கு அர்த்தம். மறுநாளே தெருவே அதைப் பேசியது.

நான் அண்ணனுக்காகச் சண்டை போட்டிருக்க வேண்டும். போடவில்லை. இரண்டு நாள் முன்பு துவைத்த சட்டையை வைக்க அவனுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, துண்டில் சுற்றிய ஒரு புது டார்ச்சைப் பார்த்திருந்தேன். அவனிடம் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சாப்பிடும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் தலைவரிடம் போனேன்.

"ஐயா, லூமென்னு ஒரு அளவு இருக்குது. ஒரு பல்பு நாலாபக்கமும் விடுற மொத்த வெளிச்சம் அது. கேண்டில் பவர் வேற. ஒரே திசையில எவ்ளோ அடர்த்தியா போவுதுன்றதுதான் அது. டார்ச்சுக்குள்ள இருக்கிற பல்பு சின்னது, மொத்த வெளிச்சம் கொஞ்சம்தான். பின்னாடி கண்ணாடி மாதிரி பளபளக்கிற கிண்ணம் அத்தனையையும் ஒரே பக்கம் திருப்பி விடுது. அதான் அந்த வட்டத்துல மட்டும் அவ்ளோ பளிச்சுனு இருக்குது."

"வாயால சொல்றீங்க டீச்சரம்மா. காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தறிக்கூடத்து ஜன்னல்களைக் கோணி போட்டு மூடினோம். ஒரு வெள்ளைத் தாளின் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அதை நிமிர்த்திக் கட்டினேன். தாளுக்கு இந்தப் பக்கம் அரை அடியில் ஒரு மெழுகுவத்தி. அந்தப் பக்கம், தலைவரிடமிருந்து வாங்கிய டார்ச்சோடு அண்ணன். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் விழுந்தால் எண்ணெய்ப் பொட்டு கண்ணுக்குத் தெரியாமல் மறையும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டது நிஜமென்றால் டார்ச் இருபத்தைந்து அடி தள்ளிப் போன பிறகுதான் மறைய வேண்டும். தூரம் ஐம்பது மடங்கு. வெளிச்சமோ ஐம்பதை ஐம்பதால் பெருக்கிய அளவு, அதாவது இரண்டாயிரத்து ஐந்நூறு மடங்கு, குறையும்.

தாளைப் பார்த்துச் சொல்லும் வேலையைத் தலைவரிடமே கொடுத்தேன். அண்ணன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் போனான். பத்தடி, பதினைந்து, இருபது.

"தெரியுது... இன்னும் தெரியுது... இரு இரு, காணோம்!"

அளந்தேன். இருபத்திரண்டு அடி. சுமார் ஆயிரத்துத் தொள்ளாயிரம் மெழுகுவத்தி. அச்சிட்டவன் கொஞ்சம் கூட்டிப் போட்டிருக்கலாம், எங்கள் அளவிலும் பிசகு இருக்கலாம். மட்டமான சரக்கு இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

தலைவர் தலையை ஆட்டினார். "கணக்கு சரிதான். ஆனா கூடத்துக்கு வெளிச்சம் இல்லியே" என்றார். அந்த வாரமே அண்ணனை விட்டுவிட்டு வேறு ஆளை அனுப்பி ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு வாங்கினார். கூடத்துக்கு வேண்டியதும் அதுதான்.

சோதனை முடிந்ததும் நான் நேராக வீட்டுக்கு வந்திருந்தேன். அண்ணன் ஒளித்து வைத்திருப்பது இதைவிட நல்ல டார்ச்சோ, சங்கத்துக்கென்று வாங்கியது அதுதானோ என்று வழியெல்லாம் குடைந்தது. டிரங்குப் பெட்டியைத் திறந்து துண்டைப் பிரித்தேன். வாசற்படியில் அண்ணன் நின்றிருந்தான்.

"அதையும் அளந்துடு" என்றான்.

"அண்ணா, நான்..."

"அளந்துடு. நானே புடிக்கிறேன்."

கதவையும் ஜன்னலையும் சாத்தினான். அதே தாள், அதே மெழுகுவத்தி. ஆறடியிலேயே பொட்டு மறைந்துவிட்டது. நூற்று நாற்பத்து நாலு மெழுகுவத்தி. நடைபாதையில் விற்ற விளையாட்டுச் சாமான் மாதிரி ஒன்று. எண்ணைத் தாளில் எழுதி நீட்டினேன்.

"சைக்கிள்ல கட்டிக்கலாம்னு எனக்காக வாங்கினேன். வீண் செலவுன்னு அம்மா திட்டும்னு உள்ள வெச்சேன்" என்றான். டார்ச்சை அணைத்துக் கட்டில்மேல் வைத்தான். "அந்த ஆளு சந்தேகப்பட்டான், சரி. நீ என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

ஒரு மாதம் அவன் என்னோடு அளவாகத்தான் பேசினான். அதன் பிறகு பேச்சு பழையபடி ஆனது. ஆனால் அவன் வீட்டில் இல்லாதபோது பெட்டியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினான்.