இடப்பக்கத்து வெளிச்சம்

இந்த ஊர் பஸ்ஸில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை. ஏறியதும் பத்திரிகையை விரித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஜன்னல். நான் தினமும் ஒரே பஸ்ஸில் ஏறி, முடிந்தவரை ஒரே இருக்கையில், வலப்பக்க ஜன்னலோரம் உட்காருகிறேன். பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. பலர் நின்றுகொண்டு வரும் நாளிலும் அப்படித்தான். என்னை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்கு வந்த புதிதில் இதை நாட்குறிப்பில் எழுதிவந்தேன். பிறகு நிறுத்திவிட்டேன்.

கண் ஓரிடத்திலும் கவனம் வேறிடத்திலும் இருப்பதுதான் என் ஆராய்ச்சியும். இருட்டறையில் ஒருவரை உட்காரவைத்து, தலை அசையாமல் தாடைக்குத் தாங்கி கொடுத்து, எதிர்ச்சுவரில் உள்ள சிலுவைக் குறியை மட்டும் பார்க்கச் சொல்கிறோம். பின்னந்தலையில் ஒட்டிய கம்பிகள் வழியே மூளையின் மின்னசைவு காகிதத்தில் கோடாக விழும். இரு ஓரங்களிலும் விளக்குகள் மின்னும். கண்ணை அசைக்காமல் இடப்பக்கத்தைக் கவனிக்கச் சொன்னால், இடப்பக்க வெளிச்சத்துக்குக் கோடு உயர்ந்து எழும். கவனிக்காதபோது அதே வெளிச்சத்துக்குத் தாழ்ந்துவிடும். பார்வை போகாத இடத்துக்கும் கவனம் போகும். பேராசிரியர் ஒருமுறை, இந்தியாவிலிருந்து வந்தவர் இந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தது ஏன், தியானப் பழக்கமா என்று கேட்டார். பட்டாசு என்றேன். நான் வேடிக்கை பேசுவதாக நினைத்துச் சிரித்தார்.

என் அக்கா சண்முகத்தாய் எங்கள் ஊரான விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் காகிதக் குழாய்களில் வெடிமருந்து அடைக்கும் வேலை பார்த்தாள். ஐம்பதுகளின் நடுவில், ஒரு தீபாவளி சீசனில், அவள் இருந்த அறை தீப்பிடித்தது. கூட இருந்த பெண் இறந்துபோனாள். அக்காவின் இடது கை வெந்தது. இடப்பக்க வாசற்படியில் காய்ந்து ஒட்டியிருந்த மருந்தைப் போர்மேன் இரும்புக் கம்பியால் சுரண்டினார், பொறி பறந்ததைப் பார்த்தேன் என்று அவள் சொன்னாள். மருந்துக்குப் பக்கத்தில் இரும்பு கூடாது என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் வெளியே குதித்துத் தப்பிய அந்தப் போர்மேன் முதலாளியின் மைத்துனர்.

"குனிஞ்சு மருந்து அடைக்கவளுக்கு வாசல்ல நடக்கது எப்படித் தெரியும்? ஒனக்கென்ன காதுப் பக்கமும் கண்ணு இருக்கா?" என்று விசாரணையில் கேட்டார்கள். அவள் கையிலிருந்த குழாய் உரசித்தான் தீப்பிடித்தது என்று முடிவாயிற்று. தீ வச்சவ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அவளுக்கு எந்தக் கம்பெனியிலும் வேலை கிடைக்கவில்லை.

சென்ற வருஷம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, கோடு விழுந்த காகிதங்களை எடுத்துக்கொண்டு, அக்காவையும் கூட்டிக்கொண்டு முதலாளியின் வீட்டுக்குப் போனேன். அவள்மேல் தப்பில்லை என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும்.

"வாங்க தம்பி, சாப்பிட்டீகளா? சுவத்துல லைட்டைப் பாக்கதுக்கு வெள்ளைக்காரன் சம்பளம் குடுக்கானாமே. நாங்க ஆகாசத்துலயே காட்டுதோம், ஊரே ஓசியில பாத்துட்டுப் போகுது."

காகிதங்களை விரித்து விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அப்ப, கையில வேலை இருக்கும்போதே கவனம் வாசலுக்குப் போகும்ங்கீக."

"போகும், அண்ணாச்சி. அன்னைக்கு அக்காவுக்குப் போயிருக்கு."

"அதைத்தான தம்பி நாங்களும் அன்னைக்கே சொன்னோம். கவனம் வேலையில இல்ல. தீப்பிடிச்சிருச்சு." காகிதங்களை ஓரம் பிசகாமல் மடித்துக் கொடுத்தார். "இம்புட்டுப் படிச்சவுக, நீங்களே சொல்லிட்டீக."

அக்கா வெந்த கையை முந்தானைக்குள் வைத்தபடி தெருவில் நடந்தாள். "இம்புட்டு நாளும் நான் பாக்கலேன்னாக. இனிமே பாத்ததே தப்பும்பாக. போதும்லே. இன்னொரு படம் வரஞ்சு கொண்டாந்துராத."

நேற்று பேராசிரியர் என்னையே இருட்டறையில் உட்காரவைத்துச் சோதித்தார். வலப்பக்கத்தைக் கவனிக்கச் சொன்னார். குறியிலிருந்து என் கண் அசையவில்லை. ஆனால் வலப்பக்கத்துக் கோடு தாழ்ந்தே கிடந்தது. இடப்பக்கத்தில் விளக்கு மின்னியபோதெல்லாம் உயர்ந்து எழுந்தது. "கண் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. நீங்கள்தான் இல்லை," என்று சொல்லிக் காகிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மாலையில் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து நேராக முன்னால் பார்த்துக்கொண்டேன். இடப்பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. வீடு வரும்வரை, திரும்பாமலேயே, அதைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன்.