கதிர்காமநாதன் போட்ட உறைகள்

வாசிகசாலைக்கு நன்கொடையாக வந்த விஞ்ஞானம், புவியியல், கவிதை, தொல்லியல் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும், பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குப் போடுவதுபோல, பிறவுண் பேப்பரில் உறை போட்டவர் பொறுப்பாளர் கதிர்காமநாதன். உறை அழகாகத்தான் இருந்தது. ஆங்கிலம் மட்டும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. அதை இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. ஆங்கிலப் புத்தகங்களை அட்டைப்படத்தைப் பார்த்து மட்டுக்கட்டி, உறையின் மேல் வகையை எழுதி அடுக்கிவிட்டார்.

தொல்லியல் படிக்கும் யதுர்ஷிகா போன வருடம் முரசுமோட்டையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஒரு புத்தகம் கேட்டாள். "அப்பிடியொண்டு இஞ்ச இல்லைப் பிள்ளை" என்று அடித்துச் சொன்னார். அதற்காக அவள் யாழ்ப்பாணத்துக்கு மூன்று தரம் பஸ் ஏறினாள்.

இன்று தாய்க்குச் சமையல் புத்தகம் தேடி, ஒன்றை எடுத்து விரித்தாள். உள்ளே, மண்ணுக்குள் கிடந்த பானைகளின் படங்கள். அவள் தேடிய அதே புத்தகம். உறையில் அவருடைய குண்டுக் கையெழுத்தில் 'சமையல்'.

அவருடைய முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "ஆரோ உறையை மாத்திப் போட்டிட்டினம் போல, மாமா" என்றாள் மெதுவாக.

ஓம் என்றால் போதும், தப்பிவிடலாம். தனக்காக அவள் பொய் சொன்னதுதான் அவரைக் கூசவைத்தது.

"ஆரும் மாத்தேல்லைப் பிள்ளை. எனக்கு இங்கிலீஸ் வாசிக்கத் தெரியாது" என்றார். பிறகு, தட்டு முழுக்க அடுக்கியிருந்த உறைகளைப் பார்த்தார். "மிச்சத்தில எத்தினை பிழையெண்டும் தெரியாது."